ஊரிலிருந்தே வைத்திய உதவியாளராதல்



சரித்திரத்தையும் பொருளியலையும் வீட்டிலிருந்தே படித்துப் பட்டம் பெறலாம் என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். இலண்டன் சர்வகலாசாலையின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கு இந்நாட்டிலிருந்தே தோற்றிப் பட்டதாரிகளானோர் பலர். ஆனால் நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து நோய் இன்னதென்று கூறும் தொழிலையும் அவ்வாறு கற்க முடியுமோ? அமெரிக்க ஐக்கிய நாட்டின் சர்வகலாசாலைகள் சில, வைத்திய உதவியாளருக்குரிய பட்டத்தை ஏறத்தாழ இவ்வகையில் வழங்கி வருகின்றன. அவை அதனை எவ்வாறு செய்கின்றன என்பதை நோக்குவோம்.

'பிசிசியன் அசிஸ்டன்ற்' என்பது அங்கு அத்தொழிலின் பெயர். மலைநாட்டுத் தோட்டங்களிலும் கிராமத்து வைத்தியசாலைகளிலும் அக்காலத்தில் பணியாற்றிய அப்போதிக்கரியை நினைவில் வைத்திருப்போருக்கு இதனை விளக்குவது எளிது. இவர் முழு வைத்தியர் அல்லர். ஆயினும் வைத்தியரோடு இணைந்து நின்று நோயாளியைச் சோதிப்பார், இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார், மருந்து விதிப்பார், சத்திரசிகிச்சையில் துணைநிற்பார். 'உதவியாளர்' என்னும் சொல் தம் பணியைக் குறைத்துக் காட்டுகிறதென்று கருதிய அவர்களுடைய சங்கம், 2021ஆம் ஆண்டிலே 'அசோசியேற்' என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. மருந்துக் குப்பியை எடுத்துக் கொடுப்பவர் என்று எண்ணிவிடுவோருக்கு அச்சங்கத்தின் மனத்தாங்கல் விளங்காதுதான்.

இத்தொழில் பிறந்தது வட கரோலைனாவிலுள்ள டியூக் சர்வகலாசாலையில். வைத்தியர் பற்றாக்குறை மிகுந்திருந்த 1965ஆம் ஆண்டில், இயூஜீன் ஸ்ரெட் என்னும் பேராசிரியர், கடற்படையில் வைத்தியப் பணி புரிந்து வெளியேறிய நால்வரைத் தெரிந்தெடுத்துப் பயிற்றத் தொடங்கினார். கப்பலிலே காயங்களுக்கு மருந்திட்ட அக்கைகளுக்குக் கரையிலே தக்க தொழில் இல்லாதிருந்தது. 1967இல் மூவர் பயிற்சியை நிறைவுசெய்து வெளிவந்தனர்.

பின்னர் 1969இல், மேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகரில் றிச்சட் சிமித் என்னும் வைத்தியர் இன்னொரு வழியை வகுத்தார். சில மாதங்களே வகுப்பறை. எஞ்சிய ஓராண்டும் நாட்டுப்புறத்து வைத்தியர் ஒருவரின் பக்கத்தில் நின்று கற்றல். தூரத்திலிருந்து கற்கும் இன்றைய முறைக்கு உண்மையான தாய் இதுவே என்பது என் கருத்து. கணினி பிற்காலத்தில் வந்து சேர்ந்த கருவிதான்.

இம்முறையின் பயனை வட டகோட்டா மாநிலத்திற் காணலாம். பரந்த சமவெளி, ஊருக்கும் ஊருக்கும் நெடுந்தூரம், மாரியிலே பனி பாதையை மூடிவிடும். அத்தகைய சிற்றூரொன்றில் பல்லாண்டு தாதியாகப் பணியாற்றும் பெண்ணொருத்தியை எண்ணிக்கொள்வோம். கணவனுக்கு அங்கேயே கமம். பிள்ளைகள் அங்கேயே பள்ளிக்கூடம். மேற்படிப்பென்று இரண்டு ஆண்டுகளுக்கு நகரத்துக்குப் போவதாயின் குடும்பத்தைப் பிரிய வேண்டும். அல்லது குடும்பத்தோடு பெயர வேண்டும். அப்படிப் பெயர்ந்தவர் எத்தனை பேர் திரும்பி வருவர்? ஊர் ஒரு தாதியையும் இழந்து, வைத்திய உதவியாளரையும் பெறாமற் போய்விடும்.

ஆதலின் கிராண்ட் போர்க்ஸ் நகரிலுள்ள வட டகோட்டா சர்வகலாசாலை, தொடக்க காலத்தில் அனுபவமுள்ள தாதியரையே பெரும்பாலும் சேர்த்து, சில கிழமைகள் தன்னிடம் வரவழைத்து உடற்கூற்றையும் நோயாளியை விசாரித்துச் சோதிக்கும் முறையையும் கற்பித்து, மீண்டும் அவரவர் ஊருக்கே அனுப்பிவைத்தது. ஊரிலே வழிகாட்டி வைத்தியர் ஒருவர் இருப்பார். மாணவி நோயாளியைப் பார்த்துத் தன் முடிவைச் சொல்லுவாள். அவர் மீண்டும் சோதித்துத் திருத்துவார். பாடங்கள் தூரத்திலிருந்து வரும். நோயாளி பக்கத்திலேயே இருப்பார். சர்வகலாசாலையிலிருந்துதான் தூரமே தவிர, கட்டிலருகிலிருந்து தூரமில்லை.

புகழ்பெற்ற யேல் சர்வகலாசாலையும் 2018ஆம் ஆண்டு தை மாதத்தில் இணையவழி வகுப்பொன்றைத் தொடங்கியது. அதன் காலம் 28 மாதங்கள். அங்கும் விரிவுரையும் கலந்துரையாடலும் கணினித் திரையில் நடக்கும். ஆயினும் மாணவர் குறித்த வேளைகளில் நியூ ஹேவன் நகருக்கு நேரிற் செல்ல வேண்டும். வைத்தியசாலைகளிலே பல மாதங்கள் பயில வேண்டும். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் எவ்விடத்தில் வைப்பதென்று படத்திற் காட்டலாம். ஆனால் கேட்ட ஒலி நுரையீரலில் நீர் கோத்த ஒலியா அன்றா என்பதை, பழகிய காதுடையவர் அருகில் நின்று சொன்னாலன்றி மாணவர் அறியார்.

முறை நன்றாயினும் இடர் ஒன்று உண்டு. முழுப் பாரமும் அந்த வழிகாட்டி வைத்தியரின் தோளிலே விழுகிறது. காலைமுதல் மாலைவரை நோயாளர் வரிசை நிற்க, ஒவ்வொருவரையும் மாணவருக்காக இருமுறை பார்ப்பதென்றால் அவருக்குப் பொறுமை வேண்டும், பொழுதும் வேண்டும். அத்தகையவரைத் தேடிப் பிடிப்பதே இவ்வகுப்புகளை நடத்துவோரின் பெருந்தொல்லை. சோம்பலான வழிகாட்டியிடம் அகப்பட்ட மாணவரின் நிலை, ஆசிரியர் வராத வகுப்பறையின் நிலைதான்.

இனி, பட்ட விளம்பரங்களைக் கண்டு வெளிநாட்டுக் கல்விக்குப் பணங்கட்ட எண்ணும் பெற்றோர் கவனிக்கவேண்டியது ஒன்று. அமெரிக்காவில் இத்தொழிற் பாடநெறிகளை அங்கீகரிக்கத் தனிச் சபை ஒன்று உண்டு. நேரிற் கற்றாலும் தூரத்திலிருந்து கற்றாலும், அச்சபை அங்கீகரித்த நெறியிலே தேறியவரே தேசியப் பரீட்சைக்குத் தோற்றலாம். அப்பரீட்சையிற் சித்தியடைந்தவருக்கே மாநிலம் தொழில் அனுமதி அளிக்கும். இன்று அப்பட்டம் முதுமாணிப் பட்டமாகவும் இருத்தல் வேண்டும். நோயாளியைத் தொடாமலே முழுப் படிப்பையும் முடித்துவிடலாம் என்று எவரேனும் சொன்னால், அந்தப் படிவத்தை நிரப்பாது விடுக. கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டே: அங்கீகாரம் உண்டா? பயிற்சிக்குரிய வைத்தியசாலையைத் தேடித் தருபவர் சர்வகலாசாலையா, மாணவரா? மாணவரே தேடவேண்டுமென்று கட்டாயப்படுத்துவது அச்சபையின் விதிக்கு முரணானது. எனவே, மாணவரே என்று விடை வருமாயின், எச்சரிக்கையாயிருப்பது நலம்.