நட்பை வேண்டிய குருவானவர்

பெருங்களத்தூரை அடுத்த தாம்பரத்தில், கிறிஸ்தவக் கலாசாலையில் 1938-ம் வருஷம் டிசம்பரில் சர்வதேச மிஷனெரி மகாநாடு கூடியது. ஆசிய, ஆப்பிரிக்கத் திருச்சபைகளின் பிரதிநிதிகள் மேனாட்டாருடன் ஒருங்கே அமர்ந்து ஆலோசித்தனர்.

இந்நிலை தானே வந்ததன்று. 1910-ல் எடின்பரோ மகாநாட்டில், திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா என்னும் இளங்குருவானவர் எழுந்து, மிஷனெரிமார் இந்திய ஊழியரை நண்பராகக் கொள்ளாத குறையை முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராகி, தெலுங்கு நாட்டுத் தோர்னக்கல்லில், தீண்டாதாரென்று தள்ளப்பட்டோரிடையே 1945-ல் மறையும் வரை உழைத்தார். அவர் பாடுபட்ட சபை ஐக்கியம் 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறிற்று.

மதமாற்ற விஷயத்தில் காந்தியடிகளோடு மாறுபட்டவர் அவர். ஆயினும் அவர் வேண்டிய நட்பை நாம் அலட்சியம் செய்யலாகாது. அன்னியரிடம் சமத்துவம் கேட்ட நாம், அடுத்த தெருவானுக்கு அதை அளித்தோமா? ஒரே பந்தியில் நற்கருணை பெற்றவர்களைக் கல்லறைத் தோட்டத்திலே சாதி பிரிக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இன்றும் உள. இக்குறை கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதன்று. நம் மயானங்களும் அதற்குச் சாட்சி. சர்க்கார் மாறினால் மட்டும் போதாது. பிறரிடம் நாம் கேட்ட நியாயத்தை நம் வீட்டு வாயிலிலும் வழங்குவதே சுயராஜ்யத்தின் பொருள்.