மரச்சிறகுகள் – 6: ஒடிந்தது போன்ற இறக்கை

ஜோடெல் விமானத்தைத் தொலைவிலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். இறக்கையின் நடுப்பகுதி பலகைபோல மட்டமாக இருக்கும். இரு முனைப்பகுதிகளும் சட்டென்று 14 பாகை மேல்நோக்கி நிமிரும். எங்கேயோ இடித்து ஒடித்துக்கொண்டு வந்துவிட்டதோ என்று முதன்முறை பார்ப்பவருக்குத் தோன்றும். தச்சுவேலை தெரிந்த ஒருவர் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்ட முடிந்ததற்கு அந்த ‘ஒடிவு’ ஒரு முக்கியக் காரணம்.

பிரான்சின் பர்கண்டி பகுதியில், போன் என்ற ஊரில், 1946-இல் எடுவார் ஜோலியும் அவருடைய மருமகன் ழான் டெலெமோன்டெஸும் தொடங்கிய நிறுவனம் இது. இருவர் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஜோடெல். 1948-இல் பறந்த டி.9 ஒருவர் மட்டுமே அமரக்கூடியது. எஞ்சின் 25 குதிரைத்திறன். போருக்குப் பின் முளைத்த பறக்கும் மன்றங்களுக்கு மலிவான பயிற்சி விமானம் தேடிய பிரெஞ்சு அரசு, இருவர் அருகருகே அமரும் வடிவத்தைக் கேட்டது. 1950-இல் டி.11 வந்தது. 65 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின் பூட்டிய டி.112 ஆலைகளில் உருவாயிற்று. வரைபடம் வாங்கிய தனியாட்களும் கட்டினார்கள். 1984-இல் பறந்த டி.18, தொடக்கத்திலிருந்தே வீட்டில் கட்டுவோரை மனத்தில் வைத்து டெலெமோன்டெஸ் வரைந்தது.

மற்ற விமானங்களில் இறக்கை பெரும்பாலும் உடலோடு சேரும் இடத்திலேயே மேல்நோக்கிச் சாயத் தொடங்கும். இறக்கையை வளைக்கும் விசை உச்சத்தில் இருப்பதும் அங்கேதான். அந்த இடத்தில் சட்டத்தைக் கோணமாக இணைப்பது தேர்ந்த கைகளுக்கே சவால். ஜோடெலில் ‘ஸ்பார்’ எனப்படும் நெடுஞ்சட்டம், நடுப்பகுதி முழுக்க ஒரே நேர்ப்பெட்டியாக ஓடும்: மேலும் கீழும் ஸ்ப்ரூஸ் மரப் பட்டிகள், முன்னும் பின்னும் ஒட்டுப்பலகை. வளைக்கும் விசை குறைந்துவிட்ட இடத்தில்தான் கோணம் வருகிறது. நடுப்பகுதியின் அகலம் மாறாததால் அங்குள்ள விலாச் சட்டங்களை ஒரே அச்சில் வைத்துச் செய்துவிடலாம். முனைப்பகுதிகள் சற்றே முன்தாழ்வாக முறுக்கப்பட்டிருப்பதால், வேகம் குறையும்போது நடுப்பகுதி முதலில் தூக்குவிசையை இழக்கும். முனையிலுள்ள பக்கச்சாய்வு மடல்கள் அப்போதும் ஓட்டுநரின் சொல் கேட்கும்.

பொறுமையைச் சோதிப்பது பசை. பால் புரதத்தில் செய்த கேசீன் பசை ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். ரெசார்சினாலும் எபாக்ஸியும் வந்த பிறகே அந்தக் கவலை தணிந்தது. அக்கறையுள்ளவர் ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் மிச்சத்தை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே தடவி, தேதி எழுதி வைப்பார். காய்ந்ததும் அதைச் சுத்தியால் அடித்துப் பிளப்பார். மரநார் கிழிந்து வந்தால் ஒட்டு நல்லது. பசைக்கோட்டில் வழுவழுப்பாகப் பிரிந்தால் அன்றைய வேலை முழுவதும் சந்தேகத்துக்குரியது. இறுதியில் இறக்கைமேல் பாலியெஸ்டர் துணி போர்த்தி, துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியாலேயே சூடுகாட்டிச் சுருக்குவார்கள். தொய்ந்து கிடந்த துணி மேளத்தோல்போல விறைத்துக்கொள்ளும்.

டி.18-க்கு ஃபோக்ஸ்வாகன் கார் எஞ்சினை மாற்றியமைத்துப் பொருத்துவது வழக்கம். காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால் நீர்த்தொட்டிச் சுமை இல்லை. உதிரிகளும் எளிதில் கிடைத்தன.

குறை உண்டு. இறக்கை முனைக்கு முனை ஒரே துண்டு, டி.112-இல் அது ஏறத்தாழ 8.2 மீட்டர். அதைப் பாதியாகக் கழற்றிக் காருக்குப் பின்னால் இழுத்துப் போக முடியாது. கொட்டகையின் நீளத்தையும் வாசல் அகலத்தையும் அளக்காமல் வேலை தொடங்குபவர், பிறகு சுவரை இடிக்க வேண்டிவரும். ஈரம் இன்னொரு பகை. மழையில் நிற்கும் மர விமானம் உள்ளுக்குள் உளுத்துப்போகும், ஆகவே கூரையுள்ள நிறுத்துமிடம் கட்டாயம்.

டெலெமோன்டெஸ் பியர் ராபினுடனும் சேர்ந்து உழைத்தார். ராபின் நிறுவனம் 1972-இல் கொண்டுவந்த நான்கு இருக்கை டி.ஆர்.400-உம் மரத்தால் ஆனதே. அதன் இறக்கையிலும் அதே நிமிர்வு இருக்கிறது.