நிற்கும் காரில் எஞ்சின் ஏன் இரைகிறது?

சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிகிறது. காரை நிறுத்தி, கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலையும் எடுத்துவிட்டீர்கள். இனி எஞ்சின் மெல்ல முனகிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் யாரோ மிதித்துப் பிடித்திருப்பதுபோல அது இரைந்துகொண்டே இருக்கிறது. நீங்கள் மிதிக்காதபோது அதை மிதிப்பது யார்?

வண்டி நகராமல் நிற்கும்போது எஞ்சின் தன்னை மட்டும் சுழற்றிக்கொண்டிருக்கும் நிலைக்கு ‘ஐடிலிங்’ என்று பெயர். நன்கு சூடேறிய பெட்ரோல் எஞ்சின் இந்நிலையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 முதல் 900 முறை சுற்றுவது வழக்கம். அது 1,500 அல்லது 2,000 ஆக உயர்ந்தால் பெட்ரோல் வீணாகும். தானியங்கிக் கியர் உள்ள கார், பிரேக்கை விட்டவுடன் முன்னே பாயும். இவை மட்டுமல்ல, இந்த இரைச்சல் பிரேக்கில் தோன்றியுள்ள கோளாற்றுக்கு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? அதைப் படிப்படியாகக் காண்போம்.

ஆக்சிலேட்டர் திறப்பது எதை?

ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சினுக்குள் பெட்ரோல் கூடுதலாகப் பாய்கிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் நாம் திறப்பது காற்று செல்லும் வழியை. காற்றுக்குழாயின் குறுக்கே வட்டமான தகடு ஒன்று உள்ளது. அதுவே திராட்டில். நாம் மிதிக்க மிதிக்க அது திறக்கிறது; உள்ளே வரும் காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோல் சேர்க்கப்படுகிறது. 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். ஆகவே பெட்ரோல் எஞ்சினின் கடிவாளம் காற்றுதான்.

இதிலிருந்து ஒரு முடிவு பிறக்கிறது. எஞ்சின் தேவைக்கு மேல் வேகமாகச் சுற்றுகிறது என்றால், தேவைக்கு மேல் காற்று எங்கிருந்தோ உள்ளே வருகிறது. கோளாறைக் கண்டுபிடிப்பது என்பது அந்தக் காற்றின் வழியைக் கண்டுபிடிப்பதே.

எவ்வளவு காற்று?

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 1,000 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 800 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுக்கும். ஆகவே நிமிடத்துக்கு 400 லிட்டர் இடம் நிரம்ப வேண்டும். ஆனால் திராட்டில் மூடியிருப்பதால் உள்ளே காற்று நெகிழ்ந்து, அதன் அழுத்தம் வெளி அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்களவே இருக்கும். வெப்பத்தால் விரிவதையும், முன்பே எரிந்த வாயு சிறிது தங்கிவிடுவதையும் கழித்தால், உண்மையில் நுழையும் வெளிக்காற்று ஏறத்தாழ 100 லிட்டர்தான்.

இப்போது திராட்டிலுக்கும் எஞ்சினுக்கும் இடையே 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓட்டை விழுகிறது என்று கொள்வோம். அழுத்த வேறுபாடு பெரிதாகையால் காற்று அதன் வழியே ஒலியின் வேகத்தில் பாயும். கணக்கிட்டால் நிமிடத்துக்கு 50 முதல் 60 லிட்டர் வரும். பென்சிலின் கூர்முனை நுழையும் ஓட்டை, எஞ்சினின் காற்றை ஒன்றரை மடங்காக்கிவிடுகிறது!

முதலில் கண்ணால் பாருங்கள்

காலையில் இயக்கிய குளிர்ந்த எஞ்சின் 1,200 அல்லது 1,500 சுற்றுக்களில் ஓடுவது கோளாறன்று. விரைவில் சூடேறவே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். குளிர்சாதனத்தைப் போட்டதும் வேகம் சற்றுக் கூடுவதும் இயல்பே. எனவே எஞ்சின் சூடேறும்வரை பொறுத்து, குளிர்சாதனத்தை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும். மூடிய கொட்டகையில் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். கைப்பிரேக்கைப் போடுங்கள். தோளில் துண்டு தொங்கவேண்டாம். எஞ்சினின் விசிறி சொல்லாமல் சுழலத் தொடங்கும்.

எஞ்சினை நிறுத்திவிட்டு முதலில் ஆக்சிலேட்டர் மிதியைப் பாருங்கள். காலடி விரிப்பு அதன்மேல் ஏறிக் கிடக்கிறதா? கேபிள் உள்ள வண்டியானால் அது துருப்பிடித்து இறுகியிருக்கிறதா? திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா? கார்புரேட்டர் உள்ள பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி வண்டிகளில் சோக் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்றும் பாருங்கள். செலவில்லாமல் தீரும் கோளாறுகள் இவை.

பிறகு காதால் கேளுங்கள்

அடுத்தது ஓட்டை. திராட்டிலுக்குப் பின்னாலிருந்து பல ரப்பர் குழாய்கள் கிளைக்கின்றன. எஞ்சினின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்து அவை வெடிக்கும். அல்லது முனையில் கழன்றுவிடும். ‘உஸ்’ என்ற சீறல் கேட்கிறதா என்று கவனியுங்கள். ஐயமுள்ள இணைப்பின்மீது சிறிது தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரு கணம் ஓட்டையை அடைக்கும். எஞ்சினின் ஒலி உடனே மாறும். மின்கம்பிகளின் மேல் தண்ணீர் படக்கூடாது. சிலர் தண்ணீருக்குப் பதில் பெட்ரோலைத் தெளிக்கிறார்கள். சூடான எஞ்சினில் அது தீயை அழைப்பதாகும்.

ஒரே ஓட்டை எல்லா எஞ்சின்களிலும் ஒரே விளைவைத் தராது. குழாயினுள் அழுத்தத்தை அளந்து பெட்ரோல் செலுத்தும் எஞ்சின், கூடுதல் காற்றுக்கும் சரியாகப் பெட்ரோலைச் சேர்த்துவிடும். வேகம் சீராக உயரும். நுழைவாயிலிலேயே காற்றை அளக்கும் எஞ்சினுக்கு, ஓட்டை வழியே வரும் காற்று கணக்கில் வராது. பெட்ரோல் போதாமல் எஞ்சின் நடுங்கி, ஏறி இறங்கும்.

பிரேக்குடன் உள்ள தொடர்பு

அக்குழாய்களில் தடிமனான ஒன்று பிரேக்குக்குச் செல்கிறது. பெரும்பாலான பெட்ரோல் கார்களில், எஞ்சின் உண்டாக்கும் இந்தக் குறைந்த அழுத்தமே நம் காலின் விசையைப் பெருக்கிப் பிரேக் பிடிக்க உதவுகிறது. அக்குழாயோ, அது சேரும் பெட்டியின் சவ்வோ கிழிந்தால், எஞ்சின் இரையும். பிரேக்கும் கல்லாக இறுகும்.

இதற்கு எளிய சோதனை உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். மிதி இறுகியதும் காலை எடுக்காமல் எஞ்சினை இயக்குங்கள். மிதி சற்றுக் கீழே இறங்கவேண்டும். இறங்கவில்லையென்றால் வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கு அழையுங்கள்.

கணினி ஏமாறும்போது

ஓட்டை ஏதும் இல்லை. அப்படியானால்? இன்றைய கார்களில் ஐடிலிங் வேகத்தைக் கட்டுப்படுத்துவது சிறு கணினி. திராட்டில் தகட்டைச் சுற்றிச் செல்லும் கிளைவழியை ஒரு வால்வு திறந்து மூடும். அதில் கரி படிந்தால் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். அக்கிளைவழியின் வாய் கைக்கு எட்டினால், மெக்கானிக் அதை விரலால் ஒரு கணம் அடைத்துப் பார்ப்பார். வேகம் இறங்கினால் காற்று அவ்வழியே வருகிறது. இறங்காவிட்டால் வேறு வழியைத் தேடவேண்டும். ஒரே சோதனையில் பாதிச் சந்தேகங்கள் நீங்கிவிடுகின்றன. மின்மோட்டாரால் இயங்கும் திராட்டில் உள்ள புதிய வண்டிகளிலோ தகட்டை விரலால் தள்ளக்கூடாது. பற்சக்கரம் கெடும், விரலும் நசுங்கும்.

கணினிக்கு எஞ்சினின் வெப்பத்தைச் சொல்வது, குளிர்விக்கும் நீரில் மூழ்கியிருக்கும் ஓர் உணர்வி. நீர் குறைந்து உணர்வியைக் காற்று சூழ்ந்தாலோ, உணர்வி பழுதானாலோ, சூடான எஞ்சினைக் குளிர்ந்தது என்று கணினி நம்பிவிடும். காலைநேர வேகத்திலேயே ஓட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நீரின் அளவைப் பாருங்கள். எஞ்சின் நன்கு ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்கவேண்டும் என்பதை மறவாதீர்கள்.

திருப்புளிக்கு அவசரமில்லை

ஐடிலிங் வேகத்தைக் குறைக்கும் திருகு பழைய வண்டிகளில் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும். அதைத் திருகினால் இரைச்சல் அடங்கும். ஆனால் ஓட்டை அப்படியே இருக்கும். அது பிரேக்குக் குழாயில் இருக்குமானால், நமக்குக் கிடைத்த எச்சரிக்கையை நாமே அடக்கிவிட்டோம் என்று பொருள். எனவே காற்று வரும் வழியை முதலில் கண்டுபிடியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் கவனித்து, அதன் பிறகே அடுத்ததைத் தொடுங்கள். திருகைத் தொடுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.