தோட்டத்து ஊற்றும் ஊர்க்கூட்டமும்

இலங்கையில் மழை மிகுந்த நகரங்களுள் ஒன்றாகிய இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. களுகங்கை கரைபுரண்டு நகரத்தையே மூழ்கடித்த வருஷங்களும் பல. அதே இரத்தினபுரி மாவட்டத்தின் இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைத் தோட்டங்களிலும், அடுத்துள்ள கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளிலும், தை மாசத்து வெயில் ஏறத் தொடங்கியதும், தொழிலாளரின் வரிசை வீடுகளாகிய லயங்களில் வாழும் பெண்கள் பீலிக்கரையில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, நூல்போல் இழியும் தண்ணீரைப் பார்த்துக் காத்து நிற்கிறார்கள். இவ்வளவு மழை பெய்யும் தேசத்தில் நேரும் இந்தத் துன்பத்துக்கு இயற்கையின்மேல் பழிபோடுவது நியாயமன்று. ஊற்றை எவ்வாறு காப்பது, தொட்டியை எங்கே கட்டுவது, எந்த லயத்துக்கு எந்நேரம் தண்ணீர் திறப்பது என்னும் தீர்மானங்கள் எவர் கூடிய சபையில், எவருடைய சம்மதத்தோடு செய்யப்படுகின்றன என்பதிலேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

தோட்டத்து ஓடை ஒன்றை அதன் உற்பத்தி ஸ்தானத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்தொடர்ந்தால் இது விளங்கும். மேலே ஊற்றும் அதைச் சூழ்ந்த மரங்களும் தோட்டக் கம்பெனியின் குத்தகை நிலத்தில் இருக்கின்றன. சற்றுக் கீழே ஸ்டோருக்கு, அதாவது தோட்டத்துத் தொழிற்சாலைக்கு, குழாய் பிரிகிறது. இறப்பர் ஸ்டோராயின், பாலை உறையவைத்துக் கழுவித் தகடாக்குவதற்கு ஏராளமான தண்ணீர் செலவாவதோடு, அமிலம் கலந்த கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஓடையில் விழுமாயின் அதன் நாற்றம் கீழுள்ளவர் அனைவரையும் எட்டுகிறது. பின்னர் லயங்கள், அவற்றுக்கும் கீழே சிங்களக் கிராமத்தாரின் வயல்களும் குளிக்கும் துறையும் வருகின்றன; இடையிலே மாணிக்கக் குழி இருந்தால் அதிலிருந்து இறைக்கப்படும் சேற்றுநீரும் சேர்ந்துகொள்கிறது. இப்படி ஒரே ஓடைக்குப் பாத்தியதை கொண்டாடுவோர் பலராய் இருந்தும், அவர்களுள் லயத்து மனிதர் ஒருவருக்கே, தம் குடத்தில் விழும் தண்ணீரைக் குறித்துப் பேசுவதற்கான சட்டபூர்வமான ஆதாரம் நெடுங்காலம் இல்லாமல் இருந்துவந்தது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அந்த வழக்கு முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியக் கம்பெனிகளிடம் சென்றபோதும், லயக் காம்பராவோ, அதன் வாசலோ, வாசலுக்கு வரும் தண்ணீரோ குடியிருப்பவருக்கு உரித்தாகவில்லை. கிராமத்துக்கு ரோடும் கிணறும் அமைக்கவென்றே ஏற்பட்ட பிரதேச சபையாவது உதவுமா என்றால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட இடம்தராததென்றே பொருள்கொள்ளப்பட்டது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினரே, அவர்களுடைய பீலிக்கு ஒரு குழாய் வாங்கிக் கொடுக்க இயலாதவராய் அமர்ந்திருந்தார். 2018இல் வந்த திருத்தத்தினாலேயே இந்தத் தடை நீங்கியது.

இதே காலத்தில் அண்டைக் கிராமங்களில் நடந்தது வேறு. 1993இல் உலக வங்கியின் உதவியுடன் பதுளை, மாத்தறை, இரத்தினபுரி ஆகிய மூன்று மாவட்டங்களில் தொடங்கிய சமுதாய நீர்வழங்கல் திட்டம், என்ன வேண்டும் என்பதைக் கிராமத்தாரே கூடித் தீர்மானிக்க வேண்டும், கட்டுமானச் செலவில் ஐந்திலொரு பங்கை உழைப்பாகவோ பணமாகவோ அவர்களே ஏற்கவேண்டும், பிறகு அதைப் பராமரிக்கும் சங்கமும் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்னும் கொள்கையை மேற்கொண்டது. மலையூற்றிலிருந்து தன் பாரத்தாலேயே இறங்கி வரும் குழாய்த் தண்ணீரா, பொதுக் கிணறா, மழைநீர்த் தொட்டியா என்று ஊர் தேர்ந்துகொண்டது. எஞ்சினியர் அத்தேர்வுக்கு உட்பட்டு வேலை செய்தார். அத்தகைய நீர்ச் சங்கங்கள் பெருகியதனால் 2014இல் அவற்றுக்கென ஒரு தேசியத் திணைக்களமே ஸ்தாபிக்கப்பட்டது. 2015இல் உலக வங்கி 16.5 கோடி டொலர் கடனளித்த அடுத்த திட்டத்தின் ஏழு மாவட்டங்களுள் இரத்தினபுரியும் கேகாலையும் இடம்பெற்றதோடு, தோட்டக் குடியிருப்புகளும் அதில் உட்பட்டன.

கிராமத்தில் பயன்தந்த முறையை அப்படியே தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் போதும் என்று எண்ணுவோர் உண்டு; அது போதாது. கிராமக் கூட்டத்தில் பெரும்பாலும் சமமானவர்கள் கூடுகிறார்கள். தோட்டத்துக் கூட்டத்திலோ, மறுநாட் காலை பிரட்டுக்களத்தில் தமக்கு வேலை கொடுக்கவோ மறுக்கவோ வல்லவரான துரை முன்வரிசையில் அமர்ந்திருக்க, அவருக்கு எதிரே எழுந்து நின்று, ஸ்டோருக்குப் போகும் தண்ணீரில் ஒரு பங்கு எங்களுக்கு வேண்டும் என்று சொல்வதற்கு எத்தனை பேருக்குத் துணிவு வரும்? ஆகவே தரப்பாரை ஒன்றுகூட்ட ஒரு மத்தியஸ்தர் வேண்டும்; கூட்டம் கூட்டுவதற்கு முன்னமே வேலையைத் தொடங்குபவரே இங்கே நல்ல மத்தியஸ்தர் ஆவார்.

அவர் முதலிற் செய்யவேண்டியது நடத்தல். தோட்டத்துப் பெண்கள் சிலரும், கீழ்க்கிராமத்துப் பெரியவர் ஒருவரும், தோட்ட உத்தியோகஸ்தர் ஒருவரும் கூடவர, ஊற்றுக்கண்ணிலிருந்து வயல்வரை ஓடையோடு நடந்து, பின்பு கோயில் வாசல் மண்ணிலே கோலப்பொடியாலும் கல்லாலும் இலையாலும் ஒரு படம் வரையச் சொன்னால், எந்த லயத்து மலசலகூடம் எந்த ஊற்றுக்கு மேலே இருக்கிறது, எந்தக் குழாயை யார் எப்போது திருப்புகிறார்கள் என்பன போன்ற, எந்த அலுவலகத்துப் படத்திலும் காணப்படாத விஷயங்கள் அதில் வெளிவரும். எழுத்தறியாத மூதாட்டிக்கும் அந்தப் படத்தில் ஒரு கல்லை எடுத்து வேறிடத்தில் வைக்க முடியும். அதுவே அவருடைய பேச்சு.

அடுத்தது அளவு. ஒரு வாளியும் ஒரு கைக்கடிகாரமும் இருந்தால், வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்து, ஊற்றின் வரத்தை எவரும் கணக்கிடலாம். மழைக்காலத்திலும் மாசி, பங்குனி வறட்சியிலும், எல்லாத் தரப்பாரும் பார்த்திருக்க அதை அளந்து ஒரே கொப்பியில் எழுதிவைத்தால், அதன்பின் எழும் வாக்குவாதம் கோபத்தை விட்டுக் கணக்கைப் பற்றியதாகிவிடும்.

நேரமும் மொழியும் சிறிய விஷயங்களல்ல. இறப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பால்வெட்டப் போனவர்கள் மத்தியானத்துக்குள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஓய்கிறார்கள். தேயிலைத் தோட்டத்திலோ மாலைக் கொழுந்து நிறுத்த பிறகே பெண்கள் வீடு திரும்பி, அப்புறம் அடுப்பையும் பிள்ளைகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இதை அறியாமல் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால், தண்ணீர் சுமப்பவர் ஒருவரும் இல்லாமலே தண்ணீரைப் பற்றித் தீர்மானம் நிறைவேறும். இவ்விரு மாவட்டங்களும் அடங்கிய சப்பிரகமுவத்தின் தமிழர் சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறி வாழ்பவர். அவர்களிற் பலர் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள். ஆயினும் கடைத்தெருவிற் பேசும் மொழியில் உரிமையைப் பேசிவிட இயலாது. சொல்வதை அந்தக்கணமே இரு மொழியிலும் மாற்றித் தரும் ஒருவர் கூட்டத்தில் இருப்பது அத்தியாவசியம்.

இவையெல்லாம் நடவாத கனவு என்று எண்ணுவோர் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தை நினைத்துப் பார்க்கட்டும். 1981இல், கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் பட்டதாரிகளைக் கல்லோயா இடதுகரைக் குடியேற்றங்களுக்கு அனுப்பின. அவர்கள் வந்தவுடன் கூட்டம் போடவில்லை. விவசாயிகளோடு தங்கி, வீடுவீடாகச் சென்று பேசி, ஒரு வாய்க்காலைப் பகிர்ந்துகொள்ளும் சிலரை முதலில் ஒன்றுசேர்த்து, வாய்க்காலைத் துப்புரவாக்குவதில் தொடங்கினார்கள். குளத்தில் நீர் குறைந்திருந்த அப்போகத்திலேயே, தலைவாய்க்காற் பக்கத்துச் சிங்கள விவசாயிகள் முறைவைத்துத் தண்ணீரை மிச்சப்படுத்திக் கடைமடையிலிருந்த தமிழ் விவசாயிகளுக்கும் எட்டச் செய்தார்கள். அந்த அநுபவத்தை நோர்மன் அப்ஹொப் 1992இல் ஒரு நூலாகவே எழுதினார். இனக்கலகம் மூண்டெழுந்த தசாப்தத்தில் இது நடந்தது என்பதை நினைக்கும்போது என் நெஞ்சு நெகிழ்கிறது.

கூடிப் பேசாமல் செய்த தீர்மானத்தின் கதிக்குக் கேகாலையிலேயே உதாரணம் உண்டு. இறப்பருக்குப் பதிலாகக் கட்டுப்பொல்லை, அதாவது எண்ணெய்ப் பனையை, கம்பெனிகள் நட்டபோது, ஊற்றுகள் வற்றுகின்றன என்று கிராமத்தார் எதிர்த்து எழுந்தனர். கம்பெனிகள் அதை மறுத்தன. 2021 ஏப்ரிலில் அரசாங்கம் புதிய நடுகையைத் தடைசெய்து, இருப்பதையும் வருஷம் பத்து வீதமாக அகற்றும்படி கட்டளையிட்டது. கட்டளை நடுகையை நிறுத்தியதே தவிர, நீர் குறைந்ததா, குறைந்ததாயின் எதனால் என்ற வழக்கைத் தீர்க்கவில்லை. அந்த மரங்களின் கீழ் உழைத்துப் பிழைத்த தொழிலாளியின் நாட்சம்பளம் என்னவாகும் என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

தண்ணீர் இல்லாமை மட்டுமல்ல, மிகுதியும் இங்கே உயிரைக் குடிக்கிறது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசரமலை சரிந்து கிராமங்களைப் புதைத்தது. அன்றே புலத்கொஹுபிட்டியவின் களுபஹனத் தோட்டத்தில் லயத்தின்மேலும் மண் இறங்கியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயப் படங்கள் தயாரிக்கிறது. ஆனால் மலைச்சரிவிலுள்ள கான்கள் ஒழுங்காக வெட்டப்படுகின்றனவா, எங்கே மழைநீர் கானை உடைத்துப் பாய்கிறது என்பதை அன்றாடம் காண்பவர் தோட்டத்து மனிதரே. அபாயமான இடங்களிலிருந்து அவர்களை எங்கே குடியேற்றுவது என்பதைத் தீர்மானிக்கும்போதும், புதிய இடத்திலிருந்து வேலை செய்யும் மலைக்கு எவ்வளவு தூரம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எங்கே, அங்கே ஊற்று உண்டா என்று அவர்களையே கேட்க வேண்டும்.

இவ்வளவும் நடந்து ஓர் உடன்பாடு ஏற்பட்டபின், அதை எழுதிவைக்காமற் கலைவது பெருந்தவறு. வறட்சி மாசங்களில் ஸ்டோருக்கு எத்தனை மணி, லயங்களுக்கு எத்தனை மணி என்பதும், ஊற்றுக்கு மேலே மரம் வெட்டுவதில்லை, களைநாசினி தெளிப்பதில்லை என்பதும், தொட்டியின் திறப்பு எவர் கையில் இருக்கும் என்பதும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டு, கம்பெனியும் நீர்ச் சங்கமும் கீழ்க்கிராமமும் கையொப்பமிட வேண்டும். துரைமார் மாற்றலாகிப் போவார்கள், கம்பெனிகள் கைமாறும். ஆதலால் அப்பத்திரத்துக்குப் பிரதேச சபை சாட்சியாக நிற்பது அவசியம். சட்டம் திருந்தியபின் தோட்டத்து விஷயத்தில் கையை நீட்ட அச்சபைக்குத் தடையில்லை; நீட்டும்படி கேட்கவேண்டியவர்கள் அதற்கு வாக்களிக்கும் தோட்டத்து மக்களும், அதே ஓடையைக் குடிக்கும் கிராமத்து மக்களுமே.