மேடை ஏறுவோம் – 9: கையில் இருக்கும் தாள்

1904 ஏப்ரல் 22. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் தொழிற்சங்க மசோதா பற்றி வின்ஸ்டன் சர்ச்சில் பேசிக்கொண்டிருந்தார். வயது 29. அந்தக் காலத்தில் அவர் முழு உரையையும் மனப்பாடம் செய்துவிட்டு வருவார். முக்கால் மணி நேரம் தங்குதடையில்லாமல் போனது. முடிக்கப்போகும் சமயத்தில், ஒரு வாக்கியத்தின் நடுவே அடுத்த சொல் வரவில்லை. தடுமாறினார். கேட்டுக்கொண்டிருந்ததற்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு, பெரிய உரை என்றால் விரிவாக எழுதிய தாள் இல்லாமல் அவர் எழுந்ததில்லை. அந்தத் தாளிலும் ஒரு நுட்பம் உண்டு. கவிதைபோலச் சின்னச்சின்ன வரிகளாக மடக்கித் தட்டச்சு செய்ய வைப்பார். எங்கே மூச்சு வாங்குவது, எங்கே நிறுத்துவது என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

நம் பள்ளிப் பேச்சுப்போட்டிகள் முழுக்க மனப்பாடத்தை நம்பியே நடக்கின்றன. நடுவில் நின்றுபோன பிள்ளை என்ன செய்கிறது? மறுபடி 'அவையோர்க்கு வணக்கம்' என்று முதலிலிருந்து தொடங்குகிறது. பாவம், வேறு வழியில்லை. உருப்போட்ட பேச்சில் ஒரு சொல்லைப் பிடித்துத்தான் அடுத்த சொல் வரும். ஒன்று நழுவினால் மிச்சமும் போச்சு. விஷயத்தை வரிசைப்படுத்தி வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரு சொல் வராவிட்டால் வேறு சொல்லில் சொல்லிவிட்டுப் போவார்.

அதற்காக எல்லாப் பேச்சையும் குறிப்பு வைத்துத்தான் பேச வேண்டும் என்பதில்லை. பட்ஜெட் உரையை வரிக்கு வரி படித்தே ஆக வேண்டும். அதில் ஒரு எண் மாறினால் வம்பு. வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் பெயர்ப் பட்டியல் கையில் இருப்பது நல்லது. விடுபட்டவர் மறக்கவே மாட்டார்! இரங்கல் கூட்டத்தில் தாளைப் பார்த்துப் படிப்பதுதான் எனக்கு உறுத்தும். அங்கே திக்கித் திணறினாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

தயாரிக்காமல் பேசுவது தனிக்கலை என்பார்கள். டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் அந்த நிமிடமே தலைப்பைக் கொடுத்து, ஓரிரு நிமிடம் பேசச் சொல்லும் பயிற்சி உண்டு. அப்படிப் பேசுகிறவர்களும் வெறுங்கையோடு எழுவதில்லை என்பதுதான் என் கட்சி. மார்ட்டின் லூதர் கிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் லிங்கன் நினைவிடத்தில் அவர் எழுதி எடுத்துவந்த உரையில் அந்தப் புகழ்பெற்ற 'கனவு'ப் பகுதி கிடையாது. 'அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று அருகிலிருந்த பாடகி மஹாலியா ஜாக்சன் குரல் கொடுத்தார். தாளை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார் கிங். ஆனால், அது அங்கே பிறந்த பேச்சு அல்ல. அதே ஆண்டு ஜூனில் டெட்ராய்ட்டிலும், அதற்கு முன்பும் அந்தக் கனவை அவர் மேடையில் பேசியிருக்கிறார். பலமுறை சொல்லிப் பழகியதால்தான், கூப்பிட்டதும் வந்தது.

சரி, உங்கள் தாளில் என்ன இருக்க வேண்டும்? முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் முழுசாக. இடையில் வெறும் தலைப்புச் சொற்கள். பெயரும் எண்ணும் கட்டாயம். கையை நீட்டிப் பிடித்தாலும் தெரிகிற அளவுக்குக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டுமே எழுதி, பக்க எண் போட்டுவிடுங்கள். மேடையில் மின்விசிறி எந்தப் பக்கம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

(அடுத்த வாரம்: மைக் பிடிப்பது எப்படி?)