சீசாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

ஆலிவ் எண்ணெய் வாங்கும் இத்தாலியர் முதலில் தேடுவது ஊர்ப்பெயரை. ஆர்கானிக் முத்திரை அதற்குப் பிறகுதான். திராட்சை, ஆரஞ்சு போன்ற பழங்களில் ஆர்கானிக் முத்திரைக்கு மதிப்பு கூடுகிறது, எண்ணெயில் பிறப்பிடமே முந்துகிறது என்பதை அங்கு நடந்த நுகர்வோர் ஆய்வுகள் காட்டியுள்ளன. தோலில் படிந்த பூச்சிமருந்து பற்றிய அச்சம் பழத்தில் உடனே எழும். எண்ணெயிலோ மண்ணும் மர வகையும் தரும் ருசியைத்தான் மக்கள் நினைக்கிறார்கள். சொந்த வட்டாரத்து எண்ணெய்மீது உள்ள பற்று இன்னும் ஆழமானது.

இந்தப் பற்றைத்தான் வணிகம் நெடுநாள் பயன்படுத்திக்கொண்டது. ஸ்பெயின், கிரீஸ், துனிசியாவிலிருந்து பெருமளவு எண்ணெயை இத்தாலி இறக்குமதி செய்கிறது. அது இத்தாலியில் சீசாவில் அடைக்கப்பட்டு, இத்தாலியப் பெயரோடும் குன்றுகளின் படத்தோடும் விற்பனைக்கு வரும். 2009 ஜூலை முதல் எக்ஸ்ட்ரா வெர்ஜின், வெர்ஜின் வகைகளுக்குப் பிறப்பிடம் குறிப்பிடுவதை ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியது. ஆனாலும் ஒன்றிய நாடுகளின் எண்ணெய்களைக் கலக்கும்போது ‘ஐரோப்பிய ஒன்றிய ஆலிவ் எண்ணெய்களின் கலவை’ என்று எழுதினாலே சட்டத்துக்குப் போதும். முன்பக்கப் படம் பெரிதாகவும் இந்த வரி சிறிதாகவும் இருப்பது வாங்குபவருக்கு நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

கிரீஸின் கலமாட்டா போன்ற பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர்கள் இதைவிட உறுதியானவை. காய் விளைவதும் எண்ணெய் பிழிவதும் அந்த வட்டாரத்திலேயே நடக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பச்சை இலை வடிவ ஆர்கானிக் முத்திரை 2010-ல் வந்தது. செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிமருந்தும் போடாத தோப்பு என்பதற்கு அது சாட்சி. ஆலிவ் ஈயைப் பொறி வைத்தும், மரத்தில் வெண்களிமண் தெளித்தும் விவசாயிகள் சமாளிக்கிறார்கள். அந்த உழைப்புக்குக் கூடுதல் விலை தகும். ருசிக்கு அந்த முத்திரை பொறுப்பேற்பதில்லை. தரத்தை அளக்கும் முறை வேறு: எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெயில் அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பயிற்சி பெற்ற குழு அதைச் சுவைத்து, குறையில்லை என்று சொல்ல வேண்டும். நிறம் பார்த்து மயங்காதிருக்க அவர்கள் நீலக் கண்ணாடிக் குவளையில் சுவைக்கிறார்கள்.

வீட்டில் சுவைப்பவர் பலர் கசப்பையும் தொண்டைக் காரலையும் கெட்டுப்போனதன் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். புதிய, நல்ல எண்ணெயின் இயல்பு அது. காரலுக்குக் காரணம் ஓலியோகாந்தால் என்ற பொருள். நாளாக ஆக இந்தக் குணங்கள் மங்கும். அதனால் ஊரையும் இலையையும் பார்த்த கையோடு அறுவடை ஆண்டையும் தேடுவது நல்லது. சீசாவில் உள்ள எண்ணெய் முழுவதும் ஒரே அறுவடையைச் சேர்ந்ததாக இருந்தால்தான் அந்த ஆண்டை அச்சிட ஐரோப்பிய விதி அனுமதிக்கிறது.