உன்னிக் குச்சியில் ஒரு யானைக் கூட்டம்

தளிப் பக்கம் உங்களுக்கு உறவினர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். ராகி முற்றும் காலத்தில் அங்கே பலருக்கு இரவுத் தூக்கமே கிடையாது. பன்னார்கட்டாக் காட்டு யானைகள் கூட்டங்கூட்டமாக வந்துவிடும்! பரணில் காவல் இருப்பவருக்கு அவற்றின் காதசைப்பும் நடையும் மனப்பாடம்.

அந்தப் பழக்கமே கலையாகவும் மலரும் என்பதற்கு நீலகிரிக் கூடலூர் சாட்சி. தேயிலைத் தோட்டத்தில் மனிதரோடு யானையும் நடமாடும் ஊர். பயிரையும், சில வேளை உற்றாரையும் யானைக்குப் பறிகொடுத்த ஊர். அங்கே பெட்ட குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் ஆகிய பழங்குடியினர் அசல் அளவிலேயே யானைகளைச் செய்கிறார்கள். எதைக் கொண்டு தெரியுமோ? வேலியோரத்தில் பல வண்ணத்தில் பூக்குமே, அந்த உன்னிச் செடியைக் கொண்டு! அழகுக்கென்று வெள்ளைக்காரர் கொண்டுவந்த அமெரிக்கச் செடி அது. காட்டில் மண்டி, யானைக்கு வேண்டிய புல்லை வளரவிடாமல் செய்துவிட்டது.

குச்சிகளைக் கொதிநீரில் வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புக் கம்பிக் கூட்டின்மேல் வளைத்துப் பொருத்துகிறார்கள். வடிவமைத்தவர் சுப்ரா நாயர் என்ற பெண்மணி. ஒவ்வொரு உருவமும் அந்தக் காட்டில் உலவும் குறிப்பிட்ட ஒரு யானையின் சாயல். பொம்மைக் கடை யானை அல்ல, அம்மா!

2021-இல் இவை லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-இல் 100 யானைகள் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் அணிவகுத்தன. விற்ற பணம் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ்வதற்கான பணிகளுக்குப் போகிறது.

பகலெல்லாம் துதிக்கையை வளைத்துக் கட்டியவர், மாலையில் வீடு திரும்பும்போது, வழியில் அசல் யானை நிற்கிறதா என்று பார்த்துத்தான் நடக்கிறார்.